பெட்டிக்காரருக்குப் பதினாலு கோட்டு

சினிமாவுக்கு உடை வடிவமைக்கும் அம்மாள் முதல் கோட்டைப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தபோது, அது தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று விநாடி ஆனது. இரண்டாவது கோட்டுக்கு ஒரு விநாடி போதுமாயிருந்தது. அதற்கப்புறம் அவர் மாட்டிப் பார்க்கவே இல்லை. கம்பியில் தொங்கிய மீதிப் பன்னிரண்டையும் சீட்டுக்கட்டைத் தள்ளுவதுபோல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பதினாலும் தப்பு.

"பாக்கெட் வலது மார்புல இருக்கு. பட்டன் பொம்பளைங்க கோட்டு மாதிரி மாத்தி மூடுது. நான் அனுப்பின அளவுச் சீட்டு எங்கே?"

தையற்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாத் தலையும் வெட்டு மேசைப் பக்கம் திரும்பின. அங்கே துணி வெட்டும் மாஸ்டரம்மா சாக்குக்கட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருஷமாக அந்த மேசை அவளுடையது. ஒருவர் படியேறி வரும் சத்தத்தைக் கேட்டே இடுப்பளவு சொல்லிவிடுவாள் என்று காஜா எடுக்கும் அம்மா ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். அதில் பாதி பொய். மீதிப் பாதி அரை அங்குலம் முன்னே பின்னே. ஆனால் வெட்டில் தவறினாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சீட்டு அவள் தலைக்கு மேலேதான், ஆணியில் குத்தித் தொங்கியது. 'இடது மார்பில் நீளப் பாக்கெட். வலது கையால் எடுக்க வசதியாக.' எழுத்து கொட்டை எழுத்து. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

முதலாளி நல்ல மனிதர்தான். பெரிய ஆர்டர் வந்தால் மட்டும் கொஞ்சம் குறைந்த அளவில் நல்ல மனிதர். மாஸ்டரம்மாவை இஸ்திரி மேசையோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"சீட்டு மங்கலா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. நானும் ஆமாம்பேன்."

"மங்கலா இல்லையே."

"மாஸ்டரம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா அந்த மேசைக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது. மங்கலா இருந்துச்சு. ரெண்டே வார்த்தை."

மேசை போய்விடும் என்பது அவளுக்குப் புரிந்தது. பயம் வரவேண்டிய இடம் எது என்றும் தெரிந்தது. அந்த இடத்தில் கை விட்டுப் பார்த்தாள். புதுக் கோட்டில் திறக்காமல் தைத்து வைத்திருக்கும் பாக்கெட் மாதிரி, விரல் உள்ளேயே போகவில்லை.

இப்படி அவள் எப்போதும் இருந்தவள் இல்லை. அபிப்பிராயம் என்று ஒன்று இருக்கிறதே, அது மற்றவர்களுக்குத் தலைமுடி மாதிரி, வளரும், கொட்டும். அவளுக்கு எலும்பு மாதிரி. அதிலும் பெட்டிக்காரர் விஷயத்தில்.

பெட்டிக்காரர் என்பவர் மாதம் ஒருமுறை வரும் படக்கதைப் பத்திரிகையின் துப்பறியும் நாயகர். வயது ஐம்பதுக்கு மேல், லேசான தொப்பை, வலது கையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. நாற்பது வருஷமாக அந்தப் பெட்டியை அவர் கீழே வைத்ததில்லை, திறந்ததில்லை, உள்ளே என்ன என்று சொன்னதும் இல்லை. திருடனைப் பிடிப்பது, பூட்டை நெம்புவது, தேநீர் குடிப்பது எல்லாம் இடது கைதான். அதனால் குறிப்புப் புத்தகம் வலது மார்புப் பாக்கெட்டில் இருக்கும். கோட்டுப் பட்டன்கூட இடது கையால் போடத் தோதாக மாற்றி வைத்தது. படம் வரைந்தவர் எந்தக் கட்டத்திலும் அதை மறந்ததில்லை.

அவளும் அவள் அக்காவும் பெட்டிக்காரரை முதன்முதலில் சந்தித்தது ஒரு பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில். அவளுக்கு ஒன்பது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு அக்கா ஊரைக் கூட்டி அழுதது பல் பிடுங்கியதற்கா, கதையின் கடைசிப் பக்கம் கிழிந்திருந்ததற்கா என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. அந்தப் பக்கத்தைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளுக்கு அலைந்ததில் இரண்டு பேரும் வாசகர்களானார்கள். பிறகு வெறியர்களானார்கள். அக்கா தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். தங்கை தையலுக்கு வந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரம் எங்கே இருந்தது? வாரத்தில் ஏழு நாளும் சண்டை இருந்தது.

சண்டை இதுதான்: பெட்டிக்காரரை மாற்றலாமா, கூடாதா?

ஏனென்றால் அவரை யாரும் சும்மா விடவில்லை. மூத்த ஓவியர் ஓய்வு பெற்றதும் புதிதாக வந்தவர் தொப்பையைக் கரைத்து மார்பை வீங்க வைத்தார். தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு ஒரு பேசும் நாயைக் கொடுத்தார்கள். இன்னொருவர் அவரை முந்நூறு வருஷம் தள்ளிக் கொண்டுபோய் விண்கலத்தில் ஏற்றினார். பெட்டி அங்கேயும் வலது கையில்தான் இருந்தது, ஆனால் மிதந்தது. ஒரு வருஷம் பெட்டிக்காரரே பெண்ணாக வந்தார்.

"நாய் பேசுதுடீ! அந்த மனுஷன் முப்பது வருஷமா யார்கிட்டயும் மனசுவிட்டுப் பேசினதில்ல, இப்போ நாய்கிட்ட பேசறாராம்!" என்று தங்கை கத்துவாள். அக்காவை 'டீ' போட்டுக் கூப்பிடும் உரிமை அவளுக்குப் பெட்டிக்காரர் விஷயத்தில் மட்டும் உண்டு.

"பேசினா என்ன? பாவம், எத்தனை நாள்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பார்?"

"அதுதான் அவரு!"

"நீ தச்ச சட்டையை யாராவது பிரிச்சு அளவு விட்டாலே நீ மூணு நாள் சாப்பிட மாட்டே. உன்கிட்ட நியாயம் பேச முடியுமா?"

அளவு விடுவதைப் பற்றித் தங்கைக்கு ஒரு சித்தாந்தமே இருந்தது. பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் அது பதினோரு தடவை பிரசுரமாகியிருக்கிறது. ஒரு உடுப்பில் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறதோ அவ்வளவுதான் பெரிதாக்க முடியும். அதற்கு மேல் இழுத்தால் கிழியும். ஒரு பாத்திரமும் அப்படித்தான். படைத்தவன் உள்ளே மடித்து விட்டது எவ்வளவு என்று பார், அப்புறம் கை வை. பெட்டிக்காரரைப் பெண்ணாக்கியதை அவள் ஒத்துக்கொண்டாள் என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். "அந்தத் துணி உள்ளே இருந்துச்சு. அவரு ஆம்பளைங்கறதை வச்சு ஒரு கதையும் நடக்கலையே," என்றாள். நாய்க்கு மட்டும் துணி இல்லை.

அக்காவின் கட்சி வேறு. போட்டுக்கொள்ளப் போகிறவன் உடம்புக்குத்தான் உடுப்பே தவிர, உடுப்புக்கு உடம்பு இல்லை. தாத்தா கோட்டைப் பேரனுக்கு அப்படியே மாட்டினால் அது மரியாதை இல்லை, வேடிக்கை. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பெட்டிக்காரர் வேண்டும், அவர்களே வரைந்துகொள்ளட்டும். "உன் பெட்டிக்காரர் அலமாரியில பத்திரமா இருக்காரே, அவரை யாரு தொட்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா தேநீர் போடப் போய்விடுவாள். தங்கை பின்னாலேயே போய் சமையலறை வாசலில் நின்று இன்னும் அரைமணி நேரம் பேசுவாள். கீழ்வீட்டுக்காரர் ஒரு படக்கதைகூடப் படித்ததில்லை. ஆனால் கூரை வழியாகவே எல்லா இதழ்களின் கதையும் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை தங்கையைப் படியில் நிறுத்தி, "நாய் விஷயத்துல நான் உங்க பக்கம்மா," என்று ரகசியமாகச் சொன்னார்.

அக்கா ஐந்து மாதம் முன்னால், மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே சரிந்தாள். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

அதற்கப்புறம் மாஸ்டரம்மா வேலைக்கு ஒருநாள்கூடத் தவறவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பேசினவர்களுக்குப் பதில் சொன்னாள். அழவில்லை. நடுவில் அவளுக்குப் பல்வலி வந்தது. யாரும் கவனிக்காததால் சலித்துப்போய் அதுவே திரும்பிப் போய்விட்டது. மாதா மாதம் பத்திரிகை வந்தது. ஐந்து இதழ்களும் உறை பிரிக்காமல் நாற்காலியில் கிடந்தன.

அப்போதுதான் சினிமா அறிவிப்பு வந்தது. வாசகர் வட்டத்தை நடத்தும் நூலகர் மூச்சிரைக்க ஃபோன் செய்தார்.

"கேட்டீங்களா மாஸ்டரம்மா? இருபத்தஞ்சு வயசுப் பையனாம். அப்பாவைக் கொன்னவனைத் தேடறானாம். பெட்டியை முதுகுல மாட்டிக்கிறானாம், சண்டை போட ரெண்டு கையும் வேணுமாம். கடைசியில... சொல்லவே வாய் வரலை... பெட்டியைத் திறக்கறாங்களாம்!"

"அப்படியா?"

மறுமுனையில் நூலகர் இரண்டு தடவை 'ஹலோ' சொன்னார். லைன் அறுந்துவிட்டதா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. நூறு பேர் கையெழுத்துப் போடக் காத்துக்கிட்டிருக்காங்க."

"பார்க்கலாம்," என்றாள் அவள்.

அது விளையாட்டோ, விதியோ, அந்தப் படத்தின் கோட்டு ஆர்டர் அவர்கள் கூடத்துக்கே வந்தது. ஒரே கோட்டுக்குப் பதினாலு பிரதி: மழையில் நனைய ஒன்று, புழுதியில் புரள இரண்டு, தீப்பிடிக்க மூன்று, நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கிறவர்களுக்கு நான்கு, மீதி சுத்தமாக நின்று வசனம் பேச. முதலாளி அந்தச் சீட்டை அவளிடம் கொடுத்த அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய கத்தரியை ஒளித்து வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போனாராம். காஜாக்காரம்மா சொல்கிற கதை. மாஸ்டரம்மா இரண்டு தடவை படித்தாள், ஆணியில் குத்தினாள், "கத்தரி எங்கே?" என்றாள்.

இரண்டு நாளில் வெட்டி முடித்தாள். அடுக்கடுக்காகத் துணியைப் பரப்பிக் கோடு போட்டபோது அவள் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. மார்பு, தோள், கை நீளம் எல்லாம் சீட்டில் உள்ளபடி நூல் பிசகாமல் வந்தது. பாக்கெட்டும் பட்டன் பட்டியும் மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி விழுந்தன. தைத்தவர்கள் அவள் கோடு போட்டபடி தைத்தார்கள். அவள் கோட்டை யார் சந்தேகப்படுவார்கள்? காஜாக்காரம்மாவுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "சினிமாக்காரங்க கேட்டா முதுகுலகூடப் பட்டன் வைக்கணும், நமக்கென்ன," என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு காஜா எடுத்துவிட்டாள்.

இப்போது இஸ்திரி மேசையோரத்திலிருந்து மாஸ்டரம்மா நேரே உடைக்காரம்மாளிடம் போனாள். முதலாளி இரண்டு அடி பின்னால், உதட்டை அசைத்து 'மங்கல், மங்கல்' என்று சொல்லிக்கொடுத்தபடியே வந்தார்.

"சீட்டு தெளிவாத்தான் இருந்துச்சு. நான் படிச்சேன். தப்பு என்னோடது."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

உடைக்காரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பெட்டிக்காரர் ரசிகையாமே? வரும்போதே சொன்னாங்க. எங்க படம் பிடிக்காம வேணும்னே செஞ்சீங்களா? எதிர்ப்பா?"

"எதிர்ப்புன்னா கடுதாசி எழுதுவேன். துணியை வெட்ட மாட்டேன்."

"அப்புறம்?"

மாஸ்டரம்மா யோசித்தாள். பொய் தேடவில்லை. நடந்தது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் பார்க்கத் தோன்றியது.

"இந்தக் கோட்டை இதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுக்குத்தான் வெட்டியிருக்கேன். எங்க அக்காவுக்கு. விளையாட்டுக்கு ஆரம்பிச்சோம், தொழில் கத்துக்கிட்ட புதுசுல. அப்புறம் பழசு நைஞ்சா புதுசு, இப்படி ஏழு கோட்டு. பெட்டிக்காரர் கோட்டேதான். பொம்பளைக்கு அந்தப் பக்கம் மூடறதுதானே வழக்கம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தத் தடவை கை உங்க அளவுல அவ கோட்டை வெட்டிருச்சு. நான் கவனிக்கலை."

"அக்கா இப்போ..."

"இல்லை."

அதைச் சொன்னபோதும் குரலில் ஒரு சுருக்கம் விழவில்லை. மிஷின்களுக்குப் பின்னால் காஜாக்காரம்மாதான் மூக்கைச் சிந்தினாள்.

உடைக்காரம்மாள் கம்பியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தார். "எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா வியாழக்கிழமை படப்பிடிப்பு. இதே சாயத்துல வேற துணி கிடையாது. பாக்கெட் கீறி வச்சது. அடைச்சா தெரியும். நான் வேற இடம்தான் பார்க்கணும்."

மாஸ்டரம்மா அருகிலிருந்த கோட்டின் உள்மடிப்பைப் பிரித்து, துணியின் அடிப்புறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மேற்புறத்தையும் தேய்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒரே முகம். பிரட்டித் தச்சுடலாம்."

"என்னது?"

"முன்பாகம் ரெண்டையும் கழட்டி உள்பக்கத்தை வெளியே திருப்பணும். வலது இடமாயிடும். பாக்கெட், காஜா, எல்லாம் தானா அந்தப் பக்கம் போயிடும். ஓரத்தை மட்டும் திரும்பக் கட்டணும். அந்தக் காலத்துல வெளுத்துப்போன கோட்டுக்கு அப்படித்தான் செய்வாங்க. மூணு நாள் ஆகும்."

உடைக்காரம்மாள் ஒரு கோட்டை எடுத்தார். மனதுக்குள் அதைக் கழற்றித் திருப்பி மாட்டுவது முகத்தில் தெரிந்தது. "மூணு நாள்," என்றார் கடைசியில். "வியாழக்கிழமை காலையில நடிகரோட வர்றேன். சரியா இல்லேன்னா நான் பேச மாட்டேன், எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் போனதும் முதலாளி நாற்காலியில் விழுந்தார். "ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னேன். நீங்க கதையே சொல்லிட்டீங்க. ஒண்ணு, வியாழக்கிழமை கோட்டு போகணும், இல்லேன்னா... எனக்கே சொல்லப் பிடிக்கலை."

"தெரியுதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பிளேடை எடுத்தாள்.

மூன்று நாள் அந்தக் கூடத்தில் தைக்கிற சத்தத்தைவிடப் பிரிக்கிற சத்தம்தான் அதிகம். லைனிங், உள்ளே கொடுத்த விறைப்புத் துணி, கழுத்துப்பட்டி என்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. காஜாக்காரம்மா தான் எடுத்த காஜாக்களையே பிரித்துக்கொண்டு, "எட்டுப் பட்டன் வேணும்னு எவன் கேட்டான்? அந்தக் காலத்துப் பெட்டிக்காரருக்கு அஞ்சுதானே மாஸ்டரம்மா?" என்று புலம்பினாள்.

"நாலு."

"பாருங்க, நாலு! இதுக்கு நீங்க ஒரு கடுதாசி போடக் கூடாதா? எனக்கு விரலெல்லாம் பொத்துப் போச்சு."

மாஸ்டரம்மா கையில் பெட்டிக்காரரின் வலது மார்பு இருந்தது. அதைத் திருப்பி இடது மார்பாக ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நூலகர் ஃபோன் வந்தது. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, கசிந்த இடத்தில் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டிருந்தது.

"மாஸ்டரம்மா! என்ன ஒரு வேலை செஞ்சிருக்கீங்க! பதினாலு கோட்டையும் இடது கைக்கு வெட்டி அவங்க முகத்துல எறிஞ்சீங்களாமே! வட்டத்துல எல்லாரும் கொண்டாடறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்க பேசணும். மாலையெல்லாம் வேண்டாம்னு சொன்னாலும் விடறதா இல்லை."

"எறியலைங்க. தப்பா வெட்டிட்டேன்."

"அது வெளியில சொல்றதுக்கு. எனக்குப் புரியுது."

"உள்ளயும் அதேதான். இப்போ பிரட்டித் தச்சுக்கிட்டிருக்கேன். பாதி ஆயிடுச்சு."

"பிரட்டின்னா... வலது கைக்கா?"

"ஆமா."

"நீங்களே உங்க கையால அவரை வலது கைக்காரரா ஆக்கறீங்களா?" நூலகரின் குரல் பாதிப் பேச்சில் வற்றிப்போனது. "உங்க பதினோரு கடிதத்தையும் நான் ஒட்டி வச்சிருக்கேன். பைண்டு பண்ணி."

அவர் வைத்துவிட்டார். இது வலிக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கோ நடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் அவளே, "ஐயோ பாவம்," என்றிருப்பாள். ஃபோனை வைத்துவிட்டு ஒன்பதாவது கோட்டை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை நடிகர் வந்தார். சின்னப் பையன்தான்; ரொம்ப மரியாதை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னதில் காஜாக்காரம்மா படத்தின் மேலிருந்த குறைகளையெல்லாம் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பட்டன் போட்டார். வலது கை தானாக இடது மார்புக்குப் போய்க் குறிப்புப் புத்தகத்தோடு வெளியே வந்தது. இன்னொரு தடவை போய் வந்தது. உடைக்காரம்மாள் அவரைச் சுற்றி வந்து தோளை இழுத்தார், முதுகைத் தடவினார், பாக்கெட்டின் விளிம்பைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார். முதலாளி மூச்சுவிடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவரையும் இஸ்திரி போட்டு மடித்திருக்கலாம்.

"சரியா இருக்கு," என்றார் உடைக்காரம்மாள். பிறகு மாஸ்டரம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூடாதுதான். ஆனா உங்களை மாதிரி ஆளுங்க எங்ககிட்ட நேர்ல வர்றதில்ல, கடிதம்தான் வரும். இந்த ஆளைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? உள்ளதைச் சொல்லுங்க. வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

இத்தனை வருஷமாக அவள் கேட்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த கேள்வி அது. கேட்க வேண்டியவரே வந்து, நின்று, கேட்டார்.

மாஸ்டரம்மா அந்தப் பையனைப் பார்த்தாள். தொப்பை இல்லை. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. 'நல்லாத்தானேடீ இருக்கான்,' என்று அக்கா சொல்லியிருப்பாள்; அந்த வார்த்தை, அந்த இழுப்பு, எல்லாம் அட்சரம் பிசகாமல் அவளுக்குத் தெரியும். அடுத்த வரி தன்னுடையது. அது வருவதற்காக அவள் நின்றாள். கூடத்தில் எல்லோரும் நின்றார்கள்.

"ஒண்ணும் தோணலைங்க," என்றாள். "தோணியிருக்கணும். தோணலை."

உடைக்காரம்மாள் மெல்லத் தலையாட்டினார். பதினாலு கோட்டுகளும் உறை போட்டுக்கொண்டு படியிறங்கின. பையன் திரும்பி நின்று இன்னொரு வணக்கம் சொன்னான்.

முதலாளி கொஞ்ச நேரம் கம்பியில் காலியாகத் தொங்கிய கொக்கிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணிக்கட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வெட்டு மேசைமேல் வைத்தார். "ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு. நாப்பது செட்டு. சீட்டை இனிமே ரெண்டு பேரா படிக்கலாம், என்ன சொல்றீங்க? நான் வாசிக்கறேன்."

"வாசிங்க," என்றாள் மாஸ்டரம்மா.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தார். அவள் ஒவ்வொரு வரிக்கும் "சரி" சொல்லிக்கொண்டே துணியை உதறி மேசைமேல் விரித்தாள்.